உப்புக் காற்றில் ஒரு பேஸ் கிற்றார்: எந்தக் குதிரையைப் பூட்டுவது?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சேர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவர். கையில் இருப்பது ஃபென்டர் கம்பனியின் பிரெசிஷன் பேஸ் மாதிரியில் செய்த நாலு கம்பிக் கிற்றார். வாங்கும்போதே பாவித்த சாமான். கம்பிகள் உடலில் ஊன்றும் பாகமான பிரிட்ஜ் முழுக்கக் கறள். அதில் கம்பிகள் உட்காரும் துண்டுகளான சேடில்களின் உயரத்தை மாற்றும் சின்ன ஸ்குரூக்களில் நான்கு அசையவே மாட்டேன் என்கின்றன. எல்லாவற்றிலும் தடித்த ஈ கம்பி கரகரக்கிறது. பாரமான பித்தளை பிரிட்ஜ் போட்டால் சத்தம் நீளும், அடி கனக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். உண்மையா, எதை வாங்குவது, நம்முடைய ஊர்க் காற்றுக்கு எது நின்றுபிடிக்கும் என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் கிற்றார் செய்கிறவன் இல்லை, பழுது பார்க்கிறவன். அதனால் என் பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். முதலில் அளவு, இரண்டாவது உப்பு, மூன்றாவதுதான் சத்தம். விற்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

பெயரைப் பற்றி ஒரு சின்னக் கதை. வீணைக்காரர்கள் இந்த உறுப்பைக் குதிரை என்பார்கள். வீணைக் குதிரையின் முதுகில் ஓர் உலோகத் தகடு இருக்கும், தந்தி அதன்மேல் ஏறிப் போகும். ஆங்கிலத்தில் இதைப் பாலம் என்று வைத்துவிட்டு, அதன்மேல் கம்பி உட்காரும் துண்டுக்குச் சேணம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாலத்துக்கு எதற்குச் சேணம்? நம்முடைய குதிரைக்குத்தான் அது பொருந்துகிறது. ஆனாலும் பட்டறையில் எல்லோரும் பிரிட்ஜ், சேடில் என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வாங்கும் பேச்சுக்கு முன்னால், குற்றவாளி பிரிட்ஜ்தானா என்று பாருங்கள். ஈ கம்பி எங்கே கரகரக்கிறது? கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் முதல் ஐந்துக்குள் மட்டும் என்றால் பெரும்பாலும் கழுத்தின் வளைவில் பிழை. மேலே பன்னிரண்டைத் தாண்டிப் போகப் போகக் கரகரப்புக் கூடினால்தான் சேடில் உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும். நம் பக்கம் மாரி மழையில் ஒரு கழுத்து, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொரு கழுத்து. மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும், அதோடு வளைவும் மாறும். சோதிக்கும் வழி லேசானது. ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் கம்பியான ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். புது பிரிட்ஜ் வாங்க எடுத்து வைத்த காசு அப்படியே மிஞ்சலாம்.

இன்னொரு கரகரப்பு உண்டு, அது சேடிலிலிருந்தே வருவது. பழைய தகட்டு பிரிட்ஜ்களில் ஒரு சேடிலுக்கு இரண்டு குட்டி ஸ்குரூ. அதில் ஒன்று தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், கம்பியைத் தட்டும்போதெல்லாம் அது கிணுகிணுக்கும். எது என்று கண்டுபிடிக்க, வாவியில் தோணிக்காரர் செய்கிற வேலையைச் செய்யுங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துத்தானே பாடும் மீனைக் கேட்பார்கள்? ஒரு நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியைச் சேடிலில் தொட்டு, பிடியைக் காதோடு ஒட்டி வைத்து, கம்பியைத் தட்டச் சொல்லுங்கள். எந்தச் சேடில் முனகுகிறது என்று பளிச்சென்று தெரியும். அந்த ஸ்குரூவை அது தகட்டில் ஊன்றும்வரை இறக்கி, புரியில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டால் கதை முடிந்தது.

சரி, உங்களுடையதில் ஸ்குரூவே அசையவில்லை. அதை அசைக்கப் பார்ப்போம். இங்கேதான் பாதிப் பேர் பிரிட்ஜைக் கொல்கிறார்கள். அமெரிக்கப் பாகங்களில் அங்குல அளவு அலன் கீ (ஆறு மூலைச் சாவி), ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மி.மீ. அளவு. பதினாறில் ஓர் அங்குலம் என்றால் 1.59 மி.மீ. அந்தக் குழிக்குள் 1.5 மி.மீ. கீயை விட்டால் போகும், திரும்புவது போலவும் இருக்கும், கறள் பிடித்த ஸ்குரூவில் ஒரு முறை பலமாகத் திருப்பினால் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிடும். நானே அப்படி ஒன்றை மழுக்கி, அதை எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன். ஆகவே கீ குழிக்குள் இறுக்கமாக, ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கறள் இளக்கும் எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். விடிந்ததும் ஈயம் ஒட்டும் சோல்டரிங் அயனின் நுனியை ஸ்குரூவின் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் திருப்புங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் மெசின் எண்ணெய் நல்லது.

நான்கும் கழன்றுவிட்டால், ஆசியப் பாகமாக இருந்தால் பெரும்பாலும் அவை எம்3 அளவு, அதாவது 3 மி.மீ. தடிப்புள்ள தலையில்லா ஸ்குரூக்கள். கறள் பிடிக்காத உருக்கில் எட்டு வாங்கிப் பூட்டினால் பழைய பிரிட்ஜே இன்னும் சில வருஷம் ஓடும். தகட்டில் குழி விழுந்து, ஸ்பிரிங் பொடிப்பொடியாக உதிர்ந்து, சேடில் புரியும் போய்விட்டதா? அப்போது மாற்றத்தான் வேண்டும்.

இனி அளவு. அடிமட்டம் போதும், வேர்ணியர் இருந்தால் இன்னும் வடிவாக எடுக்கலாம். முதல் அளவு, ஈ கம்பியின் நடுவிலிருந்து மறு ஓரத்து மெல்லிய ஜி கம்பியின் நடுவரை, சேடிலின் மேல். ஃபென்டர் வழக்கப்படி பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையில் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. மூன்று இடைவெளிக்கு 57. மலிவுக் கிற்றார்களில் இது குறைவாகவும் வரும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருவருடைய கிற்றாருக்கு அழகான பாரமான பிரிட்ஜ் ஒன்று பூட்டினேன். பழையதில் 54, புதியதில் 57. பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. தானே என்று விட்டுவிட்டேன். அவர் வாசித்துக்கொண்டு மேலே பதினைந்தாவது ஃபிரெட்டுக்குப் போனதும் ஜி கம்பி கழுத்தின் ஓரத்தால் வழுக்கிக் கீழே விழுந்தது. சோறு சாப்பிடும்போது இலையின் ஓரத்தால் ரசம் வழிந்தது மாதிரி. அந்த பிரிட்ஜைக் கழற்றி, துளைகளை அடைத்து, வேறொன்று தேடிப் பூட்டி, கூலி வாங்காமல் கொடுத்தேன்.

பாரமான பிரிட்ஜ்களில் இது ஏன் கரைச்சல் என்றால், அவற்றில் சேடில்கள் ஒவ்வொன்றும் அடித்தகட்டில் வெட்டிய வாய்க்காலுக்குள் ஓடும். பக்கவாட்டில் நகராது. பழைய தகட்டு பிரிட்ஜில் சேடிலைச் சற்றுத் தள்ளி வைக்கலாம், சேடில் முழுக்கப் புரி வெட்டியிருந்தால் கம்பியை எந்தப் புரியிலும் உட்கார வைக்கலாம். அதே சுதந்திரம்தான் அதன் குறையும். கட்டை விரலால் அடித்து வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சேடில் ஆடி ஆடி நகர்ந்துவிடும். வாய்க்கால் உள்ளதில் அப்படி ஆகாது. என்னைக் கேட்டால் பாரமான பிரிட்ஜின் உண்மையான லாபம் இந்த நிலைப்புத்தான்.

இரண்டாவது அளவு, உடலில் உள்ள ஸ்குரூத் துளைகள். கம்பிகளைத் தளர்த்திப் பழைய பிரிட்ஜைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேயுங்கள். துளைகள் தாளில் பதிந்துவிடும். பின்பக்கம் ஒரே வரிசையில் ஐந்து துளை இருந்தால் ஃபென்டர் வழக்கம், அதற்குப் பொருந்தும் மாற்றுப் பாகங்கள்தான் உலகத்தில் அதிகம். ஆனால் ஐந்து என்று எண்ணியதோடு நின்றுவிட வேண்டாம், துளைக்குத் துளை உள்ள தூரத்தையும் விற்பவர் போட்டிருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று துளை, நான்கு மூலையில் நான்கு துளை என்றெல்லாம் உண்டு.

மூன்றாவது, நீளம். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் ஊன்றும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பியின் கணக்கு நீளம். உங்களுடையது 34 அங்குலமாக, அதாவது 864 மி.மீ. ஆகத்தான் இருக்கும், பன்னிரண்டுவரை 432 வரும். சுருதி சரியாக நிற்க ஜி கம்பியின் சேடில் அந்த 864ஐவிடக் கொஞ்சம் பின்னால் நிற்கும், தடித்த ஈ அதைவிட இன்னும் சில மி.மீ. பின்னால். ஆகவே புது பிரிட்ஜைப் பூட்டும்போது ஜி சேடிலுக்குப் பின்னால் நிறைய ஓட்டம் மிஞ்சியிருக்க வேண்டும். பழைய துளைகளிலேயே பூட்டினாலும், புது பிரிட்ஜின் சேடில்கள் எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை ஓடுகின்றன என்று பாருங்கள். ஈ சேடில் பின்சுவரில் முட்டிக்கொண்டு, சுருதி இன்னும் ஏற்றமாகவே நிற்கிற கிற்றார்களைக் கண்டிருக்கிறேன். அப்படி மாட்டிக்கொண்டால் பிரிட்ஜைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

நான்காவது, உயரம். எல்லோரும் மறப்பது இதைத்தான். பழைய தகடு மெல்லியது. பாரமானதின் அடி தடிப்பு. சேடிலை முழுக்க இறக்கினாலும் கம்பி பழைய உயரத்துக்கு வராமல் போகலாம். பிரிட்ஜில் 1 மி.மீ. ஏறினால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மி.மீ. ஏறும். விரல் அதை உடனே சொல்லிவிடும். இப்போதுள்ள சேடில்களின் மேற்பக்கம் உடலிலிருந்து எத்தனை மி.மீ. என்று அளந்து, புதியதன் மிகக் குறைந்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், கழுத்து உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்கத்து முனையில் கால் மி.மீ. தடிப்புத் தகடு ஒன்று வைத்தால் கம்பி உயரத்தில் முக்கால் மி.மீ. அளவுக்கு இடம் கிடைக்கும். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தெரிந்தே அந்த வேலையை விலைக்கு வாங்குவானேன்?

இனி உப்பு. உங்கள் வீடு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மண். கதவுக் கீலுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தாலே பிரிட்ஜுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். அதோடு கை வியர்வையும் உப்புத்தான். குரோமியம் பூசிய உருக்குத் தகட்டில் பூச்சில் ஊசித்துளை இருந்தால் அதன் வழியே செங்கறள் கிளம்பும். நாகக் (துத்தநாகக்) கலப்பில் வார்த்த மலிவு பிரிட்ஜ்களில் கறள் தெரியாது, அதற்குப் பதிலாகப் பூச்சு கொப்புளம் போட்டுச் செதிலாக உரியும். அலுமினியம் வெள்ளைப் பொடி பூக்கும். பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும், ஆனால் அந்தக் களிம்பு மேலோட்டமானது, உள்ளே தின்றுகொண்டு போகாது, துடைத்தால் போகும். அதனால் நம் ஊருக்கு நான் பித்தளைச் சேடிலைத்தான் சொல்வேன். காரணம் சத்தம் இல்லை, களிம்பு.

பித்தளையைத் துலக்கக் குத்துவிளக்குப் பாணியில் புளி போட்டுத் தேய்க்கலாம், தப்பில்லை. ஒரு நிபந்தனை, சேடிலைக் கழற்றி எடுத்துத் தனியாகத் தேய்க்க வேண்டும், கிற்றாரில் வைத்தபடியே தேய்க்கக் கூடாது. புளித்தண்ணீர் ஸ்பிரிங்குக்குள்ளும் புரிக்குள்ளும் போனால் கறளை நாமே விதைத்த மாதிரி. தேய்த்தபின் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, புரியில் மெசின் எண்ணெய் பூசித் திருப்பிப் பூட்டுங்கள். முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் புளியே வேண்டாம், முலாம் போய்விடும்.

உண்மையில் எந்த பிரிட்ஜும் தகட்டினால் சாவதில்லை, ஸ்குரூவினாலும் ஸ்பிரிங்கினாலும்தான் சாகும். ஆகவே வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது, சின்ன ஸ்குரூக்களும் ஸ்பிரிங்கும் கறள் பிடிக்காத உருக்கா என்பதே. அலுமினிய அடித்தகட்டில் கறள் பிடிக்காத உருக்கு ஸ்குரூ போட்டு உப்பீரம் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதில் பூட்டும்போதே புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். பாரம் குறைவு என்று அலுமினியம் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சத்தத்துக்கு வருவோம், நீங்கள் ஆசையோடு கேட்டது அதைத்தானே.

கொஞ்சம் சரித்திரம். 1951இல் வந்த முதல் பிரெசிஷன் பேஸில் சேடில் இரண்டே இரண்டு, ஒரு சேடிலுக்கு இரண்டு கம்பி. 1957இல்தான் கம்பிக்கு ஒன்றாக நான்கு ஆனது. அடியில் வளைத்த உருக்குத் தகடு, அவ்வளவுதான். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனிப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் வருஷத்துப் பிரெசிஷனில் இந்த மெல்லிய தகட்டு பிரிட்ஜோடுதான் வாசித்தார். கம்பி தட்டைச் சுற்றுக் கம்பி, அதையும் மாற்றவே மாட்டார், போதாக்குறைக்குப் பிரிட்ஜ் மூடிக்குள் ஒரு நுரைத்துண்டு வேறு. சத்தம் நீள வேண்டாம் என்றுதான் அந்த நுரை. மறுபக்கம் 1970களில் பேடாஸ் என்ற பாரமான பிரிட்ஜ் வந்தது. பேஸ் வாசிப்பவரான மார்கஸ் மில்லர் ஃபென்டரின் இன்னொரு மாதிரியான தன் 1977 ஜாஸ் பேஸில் அதைப் பூட்டினார், ரஷ் குழுவில் பேஸ் வாசித்த கெடி லீயும் பூட்டினார். அவர்களுடைய கூரான, மணி போன்ற சத்தத்தைக் கேட்ட எல்லோரும் பிரிட்ஜுக்கு ஓடினார்கள். மார்கஸ் மில்லரின் கிற்றாருக்குள் சத்தத்தைக் கூட்டித் திருத்தும் ஒரு ப்ரீஆம்பும் பூட்டியிருந்தது, அந்த விரல் அவருடையது என்பதெல்லாம் பின்னால்தான் ஞாபகம் வந்தது.

பாரமானதில் என்ன நடக்கிறது? கம்பியின் அதிர்வு இரண்டு முனையிலும் கசியும். பிரிட்ஜ் பாரமாக, அசையாமல் இருந்தால் அந்த முனையில் கசிவு குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திட மரத்தில் நன்றாக இறுக்கிய மெல்லிய தகடும் லேசில் அசையாது. பெரிய கசிவு மறுமுனையில், நீண்டு மெலிந்த கழுத்தில். ஃபென்டர் மாதிரிக் கிற்றார்களில் ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட்டுக்குள் ஒரு சுரம் மட்டும் பொசுக்கென்று அணையும், கவனித்திருப்பீர்கள். கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தை விழுங்குவதால் வருவது அது. எத்தனை கிலோ பித்தளையைப் பின்னால் பூட்டினாலும் அது போகாது. கழுத்தின் தலையில் ஒரு பாரத்தைக் கவ்வ வைத்தால் அந்த இடம் கொஞ்சம் நகரும், அவ்வளவே.

என் பட்டறையில் ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். ஒரே கிற்றார், ஒரே கம்பி, ஒரே பின்னேரம். முதலில் பழைய தகடு, பிறகு பாரமானது. இரண்டையும் போனில் பதியாமல் நேரடியாக மிக்ஸர் வழியே பதிந்து, எது எது என்று சொல்லாமல் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் வித்தியாசமே இல்லை என்றார்கள். மூன்றாமவர் சொன்னதில் பாதி பிழை. எனக்கு, தெரிந்து கேட்டபோது, தட்டும் கணத்தில் ஒரு சின்னக் கூர்மை கேட்டது போலிருந்தது, அதுவும் டி, ஜி கம்பிகளில்தான். ட்ரம்ஸும் ஓர்கனும் சேர்ந்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். புதுக் கம்பி ஒரு செட் போட்டால் வரும் மாற்றம் இதைவிடப் பல மடங்கு. புது பிரிட்ஜ் போட்டதும் சத்தம் மாறிவிட்டது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் அநேகமாக அதே கையோடு புதுக் கம்பியும் போட்டவர்கள்தான்.

ஒரு விஷயத்தில் பாரம் நிச்சயம் உதவும். உங்கள் கிற்றார் தோளில் தொங்கும்போது தலை நிலத்தை நோக்கிச் சாய்கிறதா? பின்பக்கம் பாரம் ஏறினால் அது கொஞ்சம் நிமிரும். திருவிழா மேடையில் மூன்று மணிநேரம் இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏற்கெனவே கிற்றார் பாரம் என்றால் வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்க? உங்கள் துளைகள் ஃபென்டர் வழக்கத்து ஐந்து, இடைவெளி 19 என்று வந்தால் நான் வாங்குவது நடுத்தரமான ஒன்று. ஜப்பானின் கோட்டோ செய்யும் 201 வகை, பித்தளைச் சேடில், பழைய துளையிலேயே உட்காரும், வேலைப்பாடு சுத்தம். உயரத்தை மட்டும் முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹிப்ஷாட் கிக்காஸ் என்பது பேடாஸின் வழியில் வந்தது, நல்லது, விலை ஏறும். பேடாஸ் இரண்டாம் வகையில் சேடிலில் கம்பிக்குரிய பள்ளம் வெட்டாமலே வரும், அதை நாமே அரத்தால் போட வேண்டும். 105 என்று விற்கும் ஈ கம்பி 0.105 அங்குலம், அதாவது 2.67 மி.மீ. தடிப்பு, அதன் பாதி புதையும் அளவுக்கு வட்டமாகப் பள்ளம் வர வேண்டும். ஊசி அரமும் பொறுமையும் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். காசு குறைவு என்றால் சாதாரண வளைத்த தகட்டு பிரிட்ஜே வாங்கி, ஸ்குரூக்களை மட்டும் கறள் பிடிக்காததாக மாற்றிவிடுங்கள். சேர்ச்சில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெயரில்லாமல் பளபளவென்று மலிவாக வரும் பாரமான பிரிட்ஜ்கள் பெரும்பாலும் நாக வார்ப்பு, பாரத்தைப் பார்த்துப் பித்தளை என்று நம்ப வேண்டாம். அடியில் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் தெரியாவிட்டால் பித்தளை இல்லை.

வேறு கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. கிப்சன் வகையில் மூன்று தூணில் நிற்கும் பிரிட்ஜ், அதற்கு அதற்கென்றே செய்த மாற்றுத்தான், ஹிப்ஷாட்டின் சுப்பர்டோன் ஒன்று. ஐந்து கம்பிக் கிற்றாரில் இடைவெளி 16.5 முதல் 19 வரை கண்டபடி மாறும், அளக்காமல் வாங்கவே கூடாது. கம்பிக்கு ஒரு தனிக் குட்டி பிரிட்ஜ் வைத்தவற்றை நீங்களாகக் கழற்ற வேண்டாம். உடலைத் துளைத்துப் பின்பக்கத்தால் கம்பி ஏற்றும் ஆசை இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், பலன் கொஞ்சம், துளை நிரந்தரம்.

பூட்டும் வேலை நீங்களே செய்யலாம். கழற்றும்போது பிரிட்ஜுக்கு அடியில் ஒரு வயரின் நுனி தட்டையாகப் படுத்திருப்பதைக் காண்பீர்கள். அதுதான் நிலத்தொடுப்பு. கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். புது பிரிட்ஜின் அடியில் கறுப்புப் பூச்சு இருந்தால் அந்த வயர் தொடும் இடத்தை மட்டும் உலோகம் தெரியச் சுரண்டிவிடுங்கள். ஒரு தடவை நான் அவசரத்தில் அதைச் சுரண்டாமல் பூட்டிக் கொடுத்து, கோவில் திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்டில் அந்த பேஸ் வண்டுக் கூட்டம் மாதிரி இரைந்தது. மேடைக்குப் பின்னால் நின்று நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும். மல்ற்றிமீற்றரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜெக்கின் வெளிவளையத்திலும் வைத்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

பழைய துளை ஆட்டம் கண்டிருந்தால் பல்குத்தும் குச்சியையும் பசையையும் திணிப்பது அவசரத்துக்குச் சரி. நான்கு கம்பியும் சேர்ந்து சுமார் 70, 80 கிலோ இழுவை, ஆகவே வடிவாகச் செய்வதென்றால் முதிரை மரத்தில் ஒரு மெல்லிய ஆப்பு சீவித் தரச் சொல்லி ஓர் ஓடாவியிடம் கேளுங்கள், மரப்பசை போட்டு அடித்து ஓர் இரவு காயவிட்டு, புதிதாகத் துளையுங்கள். துளைக்கும் முன் இரு ஓரக் கம்பிகளை மட்டும் பூட்டிக் கழுத்தின் இரண்டு ஓரமும் சமமாகத் தெரிகிறதா, கம்பி ஒவ்வொன்றும் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் இரண்டு காந்தங்களுக்கு நடுவால் போகிறதா என்று பாருங்கள். ட்ரில் நுனியில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றுங்கள். ஸ்குரூவில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுக் கையால் இறுக்குங்கள், மெசினால் வேண்டாம்.

சுருதி கடைசியில். புதுக் கம்பி போட்டு, இசைத்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டுத் தட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கி நின்றால் கழுத்துப் பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் புரி தேயும்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது அந்த நான்கு அளவும் பென்சில் தேய்த்த தாளின் படமும். கழற்றிய பழைய ஸ்குரூ, ஸ்பிரிங் எதையும் எறிந்துவிட வேண்டாம், ஒரு ஜாம் போத்தலில் போட்டு வையுங்கள். புளியந்தீவுப் பக்கம் வரும்போது அதையும் கையோடு கொண்டு வாருங்கள், அலன் கீ எந்த அளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.